தைப் பனி தரையைத் துளைக்குமா? கொடைக்கானல் உறைபனியும் மலைக்காட்டு மண்ணும்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் கொடைக்கானல் படங்கள் வரத் தொடங்கும். ஏரிக்கரைப் புல்லெல்லாம் வெள்ளை, கார் கண்ணாடிமேல் உப்புத் தூவினாற்போல ஒரு படலம், 'கொடைக்கானலில் பனிப்பொழிவு' என்று ஒரு தலைப்பு. அடுத்த நாளே கேள்விகள் கிளம்பும். அது உண்மையிலேயே பனிப்பொழிவா? வெப்பநிலை 5 டிகிரி என்று செய்தியில் போட்டிருக்கிறதே, அப்புறம் எப்படி நீர் உறைந்தது? இப்படி உறைந்து உருகினால் மலை மண் இளகிச் சரிந்துவிடாதா? வைகைக்கு வரும் தண்ணீர் என்னவாகும்?

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது நம் பழமொழி. மதுரையில் அது குளிரின் கடுமையைச் சொல்லும் பேச்சு. கொடைக்கானலின் பள்ளத்தாக்குகளில் அதை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். பனி அங்கே தரைக்குள் இறங்கத்தான் செய்கிறது. எவ்வளவு ஆழம், எந்த மாதிரித் தரையில் என்பதைப் பார்த்தால்தான் மேலே உள்ள கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

ஒரே 'பனி', பல பொருள்

குழப்பத்தின் முதல் காரணம் நம் சொல்தான். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் நமக்குப் பனி, காலையில் வைகைப் பாலத்தை மறைக்கும் மூட்டமும் பனி, இமயமலையில் வானத்திலிருந்து விழுவதும் பனி. மண்ணைப் பற்றிப் பேச வேண்டுமானால் இவற்றைப் பிரித்தாக வேண்டும்.

1. பனித்துளி: காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிவது.
2. பனிமூட்டம்: அதே ஈரம் நுண்துளிகளாகக் காற்றிலேயே மிதப்பது.
3. பனிப்பொழிவு: மேகத்தில் உருவான பனிப்படிகங்கள் தரையில் விழுவது.
4. உறைபனி: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பில், காற்றின் ஈரம் நீராகாமல் நேரடியாகப் பனிப்படிகமாக ஒட்டிக்கொள்வது.

கொடைக்கானலில் நாம் பார்ப்பது நான்காவது. அது வானத்திலிருந்து விழவில்லை, அந்த இடத்திலேயே விளைந்தது. இந்த வேறுபாடு பெயரோடு நின்றுவிடுவதில்லை, மண்ணின் கதியையே மாற்றுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வெப்பமானி 5 காட்டும்போது புல் எப்படி உறைகிறது?

வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு ஆளின் மார்பளவு உயரத்தில், நிழல் தரும் பெட்டிக்குள் இருக்கும். அது காட்டுவது காற்றின் வெப்பம். தரையின் கதை வேறு. பகலில் வெயிலில் சூடான தரை, இரவில் அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி தடுத்துப் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். வானம் துடைத்துவிட்டாற்போல இருந்து, காற்றும் அசையாமல் இருந்தால் தரையும் புல்லும் மளமளவென்று குளிர்ந்துவிடும். மார்பளவில் 4, 5 டிகிரி இருக்கும்போதே புல் நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுவது இப்படித்தான்.

இன்னொரு விஷயம், குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் நீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் உறைபனி முதலில் விழுவது உச்சியில் இல்லை. ஏரியைச் சுற்றிய தாழ்வான இடங்கள், ஜிம்கானா, கீழ்பூமி போன்ற பகுதிகளிலிருந்துதான் பெரும்பாலும் அந்தப் படங்கள் வருகின்றன. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடைகளை மறித்து ஏரி அமைத்த பள்ளம் அது. ஓடைத் தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கே குளிர்காற்றும் வந்து சேர்கிறது.

ஆகவே, புல் வெளுத்திருக்கிற படத்தை வைத்து 'பருவநிலை தலைகீழாகிவிட்டது' என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்த உயரத்தில், அந்த மாதத்தில், தெளிந்த இரவில் உறைபனி விழுவது இயல்பு.

மண் என்பது பொரி உருண்டை

உறைவு மண்ணை என்ன செய்கிறது என்று புரிய, மண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். மணல், வண்டல், களி என்று மூன்று அளவுத் துகள்கள் இருப்பது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் நல்ல மண்ணில் இந்தத் துகள்கள் தனித்தனியாகக் கிடப்பதில்லை. கார்த்திகைக்குப் பிடிக்கிற பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரிதான் துகள், வெல்லப்பாகுதான் பசை. பொரிக்கும் பொரிக்கும் இடையே காற்று நிற்கும் இடைவெளி இருக்கிறது அல்லவா, அதுதான் மண்ணின் துளை.

காட்டு மண்ணில் பாகின் வேலையைச் செய்பவை மக்கிய சருகு, வேர்கள் விடும் பிசின், பூஞ்சைகளின் நூலிழைகள், நுண்ணுயிர்கள் சுரக்கும் பசைகள். இப்படி ஒட்டி உருவான சிறு உருண்டைகளை மண்திரள் என்போம். உழவர்கள் 'மண் பொலபொலன்னு இருக்கு' என்று கையில் அள்ளிச் சொல்வது இந்தத் திரள்களைத்தான். நல்ல மேல்மண்ணின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி வெறும் துளைதான். பெரிய துளைகள் மழைநீரைச் சட்டென்று உள்ளே விடும். சிறிய துளைகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் மலை ஓடையில் தண்ணீர் வருகிறதென்றால் அது இந்தத் துளைகளின் கைங்கரியம்.

கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்ற மிகப் பழைய கடினப் பாறை. அதன் மேலே சிவந்த அடிமண், அதற்கும் மேலே சோலைக்காடும் (உயர்மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் பசுமைக்காடு) புல்வெளியும் சேர்ந்து காலங்காலமாகச் சேர்த்துவைத்த கறுத்த மேல்மண். மக்கு நிறைந்த அந்தக் கறுப்பு அடுக்குதான் உறைபனிக்கு முதலில் முகம் கொடுக்கிறது.

உறையும்போது உள்ளே நடப்பது

நீர் பனிக்கட்டியானால் கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் 'துளைக்குள் நீர் உறைந்து விரிந்து மண்ணை உடைக்கிறது' என்று பலரும் அதோடு விளக்கத்தை முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதிதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிக வியப்பாகத் தோன்றுவது.

1920-களின் இறுதியில் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் ஒரு சோதனை செய்தார். மண்ணில் தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் விரியாது, சுருங்கும். அப்படியானால் மண்ணும் தாழ வேண்டும். ஆனால் மண் மேலே எழும்பியது! விரிவு மட்டுமே காரணமாக இருந்தால் இது நடந்திருக்காது. உறையும் இடம் கீழேயுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, உறையும் முகப்பு கீழ்மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி உறிஞ்சித் தன் பனியை வளர்த்துக்கொள்கிறது. நடப்பதை வரிசையாகச் சொன்னால் இப்படி:

1. மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே குளிர்கிறது. பெரிய துளையில் உள்ள நீர் முதலில் உறையும். மிக நுண்ணிய துளையிலும் துகள்களை ஒட்டிய படலத்திலும் உள்ள நீர் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால்தான் உறையும்.

2. அந்த உறையாத மெல்லிய படலங்களின் வழியாகக் கீழேயுள்ள நீர் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. வந்துசேரும் நீரெல்லாம் ஓரிடத்தில் உறைந்து தட்டையான பனிவில்லை ஆகிறது. குளிர்நாடுகளில் இந்த வில்லைகள் அடுக்கடுக்காக வளர்ந்து சாலையையே தூக்கிவிடும். இதை உறைவீக்கம் எனலாம்.

3. வெறும் ஈரத் தரையாக இருந்தால், வில்லைக்குப் பதிலாக மேற்பரப்பிலேயே மெல்லிய ஊசி ஊசியான பனிக்கம்பிகள் முளைக்கும். சில சென்டிமீட்டர் உயரம்கூட வளரும். தலையில் ஒரு மண் பொருக்கையோ சிறு கல்லையோ சுமந்துகொண்டு நிற்கும். இது ஊசிப்பனி. ஜப்பானியர்கள் இதற்கு 'ஷிமோபஷிரா', அதாவது உறைபனித் தூண் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

4. வெயில் ஏறியதும் எல்லாம் உருகுகிறது. நீர் கீழிருந்து மேலே வந்துவிட்டதால் மேல்மண் இப்போது நேற்றைவிடச் சொதசொதப்பாக இருக்கும். பாகு இளகிய பொரி உருண்டை மாதிரி திரள்கள் உதிர்ந்து நிற்கும்.

இதில் மூன்று விஷயங்கள் விளைவைத் தீர்மானிக்கின்றன. முதலாவது ஈரம். காய்ந்த மண் உறைந்தால் பெரிய சேதம் இல்லை; நனைந்த மண் உறைந்தால்தான் திரள் உடையும். இரண்டாவது துகளின் அளவு. மணலின் துளை பெரியது, நீரை உறிஞ்சி மேலேற்றும் திறன் குறைவு. களியின் துளை மிகச் சிறியது, நீர் நகர்வதே மெதுவாகத்தான். இடைப்பட்ட வண்டல் மண்தான் உறைவீக்கத்துக்கு மிக எளிதில் ஆளாகும். மூன்றாவது மக்கு. அது எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குத் திரள் தாக்குப்பிடிக்கும்.

உறைவு எப்போதுமே கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய கட்டிகளை உடைத்துப் பொலபொலப்பாக்குவதும் அதுதான். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் இதே வேலையை வெயிலும் மழையும் செய்கின்றன. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், முதல் மழையில் ஊறி வீங்கும், அந்த இழுபறியில் கட்டி தானாகவே உதிரும். 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று கோடை உழவைப் போற்றுபவர்களுக்கு இது புதிதல்ல. குளிர்நாட்டு உழவர்கள் இலையுதிர்காலத்தில் உழுதுபோட்ட களிமண் கட்டிகளைக் குளிர்காலம் உடைத்துத் தரட்டும் என்று விட்டுவைப்பதும் இதே அறிவுதான். ஆனால் சமவெளி வயலில் உதிர்ந்த மண் அங்கேயே கிடக்கும். மலைச்சரிவில் உதிர்ந்த மண் அப்படிக் கிடக்காது.

சரிவில் ஒரு சின்னக் கணக்கு

ஊசிப்பனி மண்ணைத் தூக்கும்போது சரிவுக்குச் செங்குத்தாகத் தூக்கும். உருகும்போது மண் விழுவதோ நேர் கீழே, புவியீர்ப்பின் திசையில். தூக்கிய இடம் ஒன்று, விழுந்த இடம் சற்றுத் தள்ளிக் கீழே. 30 டிகிரிச் சரிவில் ஒரு மண்துணுக்கை 2 சென்டிமீட்டர் தூக்கி இறக்கினால், அது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் சரிவில் கீழே நகர்ந்திருக்கும். பத்து இரவு இப்படி நடந்தால் ஒரு சாண் தூரத்தில் பாதி. மழை ஒரு சொட்டு இல்லை, காற்று இல்லை, ஆனாலும் மேல்மண் படியிறங்கிக்கொண்டிருக்கிறது.

நாற்றுகளுக்கு இதில் இன்னொரு துன்பம். விதை முளைத்து இரண்டு இலை விட்ட கன்றை ஊசிப்பனி வேரோடு சேர்த்துத் தூக்கும். பனி உருகியதும் மண் இறங்கும், கன்று முழுதாக இறங்காது. சில இரவுகளில் வேர் வெளியே தெரியும், பகல் வெயிலில் காய்ந்துவிடும்.

பருவ உறைவும் அன்றாட உறைவும்

மலைமண் உறைவு என்றதும் பலர் இமயமலையைப் பற்றிப் படித்ததை அப்படியே பழனி மலைக்குப் பொருத்துகிறார்கள். அது பொருந்தாது. லடாக் போன்ற இடங்களில் மண் குளிர்காலம் முழுக்க, மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். வசந்தத்தில் ஒரேயடியாக உருகும். கொடைக்கானலில் இரவில் உறைந்தது மறுநாள் காலை பத்து மணிக்குள் உருகிவிடும். வெப்பமண்டல மலைகளின் இந்த அன்றாட உறைவையும், வடக்கத்திய மலைகளின் பருவ உறைவையும் இரண்டு தனி வகைகளாகப் பார்க்க வேண்டும் என்பதை ஜெர்மன் புவியியலாளர் கார்ல் டிரோல் 1940-களிலேயே விரிவாக எழுதினார்.

ஆழம்தான் பெரிய வேறுபாடு. மண்ணில் வெப்ப அலை எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது அலையின் கால நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓர் ஆண்டு என்பது 365 நாள். 365-இன் வர்க்கமூலம் சுமார் 19. ஆக, ஆண்டு முழுவதற்குமான குளிர் அலை ஒரு நாள் குளிரைவிட ஏறத்தாழ 19 மடங்கு ஆழம் இறங்கும். அங்கே மீட்டர்க் கணக்கில் உறையும்போது இங்கே விரல் கணக்கில்தான் உறையும். போதாததற்கு, நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். ஒரு கிலோ நீர் உறைந்தால் 334 கிலோஜூல். ஈர மண் இந்தச் சூட்டால் தன்னைத் தானே கொஞ்சம் காத்துக்கொள்கிறது. தோட்டப் பயிர்களுக்குப் பனி இறங்கும் நேரத்தில் நீர் தெளிப்பதும் இதே சூத்திரம்தான்.

ஆழம் குறைவு, ஆனால் தடவைகள் அதிகம். பருவ உறைவில் ஆண்டுக்குச் சில சுழற்சிகள் என்றால், அன்றாட உறைவில் தெளிந்த இரவு ஒவ்வொன்றும் ஒரு சுழற்சி.

பனிப்பொழிவுக்கும் உறைபனிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. கனமாக விழுந்து கிடக்கும் பனி மண்ணுக்குக் கம்பளி. அதன் இடுக்குகளில் அடைபட்ட காற்று, வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அடியிலுள்ள மண்ணைப் பூஜ்யத்தின் அருகிலேயே வைத்திருக்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆய்வுக் காடு இருக்கிறது. அங்கே 1990-களின் இறுதியில் சில இடங்களில் மட்டும் பனியை மண்வெட்டியால் வாரி அகற்றிப் பார்த்தார்கள். கம்பளி போனதும் மண் கூடுதலாக உறைந்தது, நுண்வேர்கள் அதிகம் செத்தன, நைட்ரேட் சத்து மண்நீரில் கரைந்து வெளியேறியது. உலகம் சூடானால் அங்கே பனிப்பொழிவு குறையும், அதனாலேயே மண் கூடுதலாகக் குளிரும் என்ற வினோதமான முடிவுக்கு அது அவர்களைக் கொண்டுபோனது.

கொடைக்கானலில் அந்தக் கம்பளி விழுவதே இல்லை. உறைபனிப் படலம் அதற்கு ஈடாகாது. அப்படியென்றால் நம் மலைமண்ணை எது காக்கிறது?

சோலைக்குள் ஒன்று, வெட்டவெளியில் ஒன்று

1. சோலைக்காடு. தரை அனுப்பும் சூட்டை மர உச்சிகள் தடுத்துத் திருப்பி அனுப்புகின்றன. கீழே சருகு மெத்தை. வெளியே புல் வெளுத்திருக்கும் இரவிலும் அடர்ந்த சோலைக்குள் தரை உறைவது அரிது.

2. இயற்கைப் புல்வெளி. இங்கே உறைபனி விழும், ஆனால் புல்லின்மேல் விழும். நெருங்கிய புற்கற்றைகளும் வேர்ப்பின்னலும் மண்ணை மூடியிருப்பதால் ஊசிப்பனிக்கு இடம் குறைவு. திறந்த பள்ளத்தில் சோலை மரக்கன்றுகள் உறைபனியில் கருகிவிடுவதும், புல் தாக்குப்பிடிப்பதும், சோலையும் புல்வெளியும் எல்லை போட்டாற்போல நிற்பதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தீயும் மேய்ச்சலும் காரணம் என்பவர்களும் உண்டு. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தபோது, அங்கே புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது தெரியவந்தது. ஆகவே புல்வெளியைக் 'காடு அழிந்துபோன வெற்றிடம்' என்று பார்ப்பது தவறு. அதுவும் தன் மண்ணைக் காக்கத் தெரிந்த ஒரு கட்டமைப்பு.

3. வெறும் மண். சாலைக்காக வெட்டிய கரை, கட்டடத்துக்காகச் சமன்செய்த மனை, அறுவடை முடிந்து திறந்துகிடக்கும் படிவயல், வாகனம் ஏறி ஏறிப் புல் தேய்ந்த தடம். உறைபனி தன் முழு வேலையையும் காட்டுவது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய மண்மேல் மார்கழியில் வானம் தெளிந்து குளிர் இறங்குகிறது. உறைவுக்கு வேண்டிய ஈரத்தை வடகிழக்குப் பருவமழை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போகிறது.

பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு இலை கருகுவதை மண் கெட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கருகல் என்பது இலையின் செல்லுக்கு நேர்ந்த சேதம், ஒரே இரவில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மண்ணின் சேதம் அன்றைக்குத் தெரியாது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

மதுரைக்கு இதில் என்ன?

1985-இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. நிர்வாகம் பிரிந்தது, தண்ணீர் பிரியவில்லை. வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி என்று பழனி மலைச்சரிவில் பிறக்கும் ஆறுகள் வைகையைத்தான் வந்து சேர்கின்றன.

உறைபனி உதிர்த்த மண் தை, மாசி முழுக்க அப்படியே கிடக்கும். பார்த்தால் நன்றாக உழுத நிலம் மாதிரிகூடத் தோன்றும். சித்திரை, வைகாசியில் இடியோடு இறங்கும் கோடை மழைதான் கணக்கைத் தீர்க்கும். பெரிய துளிகள் உதிரி மண்ணை அடித்து நுண்துகளாக்க, அவை எஞ்சிய துளைகளை அடைக்கும். காய்ந்ததும் மேலே பொருக்குத் தட்டும். அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலோடு ஓடும், ஓடும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். மழையன்று ஓடை செம்மண் நிறத்தில் பெருக்கெடுத்து, பத்து நாளில் வற்றிப்போவதன் பின்னால் இந்த அடைபட்ட துளைகளுக்கும் பங்கு உண்டு.

பங்கு என்றுதான் சொல்கிறேன். வைகை அணையில் படிந்த வண்டலுக்கெல்லாம் உறைபனியைக் காரணம் சொல்வது நியாயமில்லை. உறைபனி விழும் உயரம் மலையின் மேல்பகுதி மட்டுமே. வைகை பிறக்கும் வருசநாட்டு மலையிலிருந்து வரும் மண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வத்தலக்குண்டு சாலையில் மழைக்காலத்தில் ஏற்படும் சரிவுகளுக்கும் இது விடையாகாது. ஒரு விரல் ஆழம் உறைகிற மண் மலையைச் சரிக்காது. அவற்றின் காரணங்களை அடைமழையிலும், செங்குத்தாக வெட்டிய கரையிலும், வடிகால் இல்லாத சாலையிலும்தான் தேட வேண்டும்.

மூடாக்கு எப்போது, எங்கே

மலையில் வேலை செய்பவர்களுக்கு இதிலிருந்து நேரடியாகக் கிடைப்பது காலக் கணக்குதான். மண்ணைத் திறந்துபோடக் கூடாத மாதங்கள் மார்கழியும் தையும். சமவெளியில் வைக்கோல் பரப்புவது போல, படிவயலில் பயிர்க்கழிவையோ சருகையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் தரை தன் சூட்டை இழப்பது குறையும். ஊசிப்பனி முளைக்க வெறும் மண்ணும் கிடைக்காது. வெட்டிய சாலைக்கரைகளுக்கும் இதே விதிதான். அங்கே புல்கரணை பதிக்கும் வேலை மழைக்காலத்திலேயே தொடங்கி வேர் பிடித்திருக்க வேண்டும். தையில் நட்டால் பனி அதைத் தூக்கி வெளியே போட்டுவிடும்.

புல்வெளிகளை மீட்பதற்காகச் சீகை (வாட்டில்), பைன் போன்ற அயல்மரங்களை அகற்றும் பணிகளில் இது இன்னும் முக்கியம். அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மரம் வெட்டியதும் கிளையும் சருகும் அள்ளிச் சுத்தமாக்கப்பட்ட சரிவு, முதல் உறைபனிக்கு வெறும் மண்ணாகத்தான் தெரியும். சிறு கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே அங்கேயே கிடத்திவிட்டு, புல் மூடும்வரை விட்டுவைத்தால் நகரும் மண் அதில் வந்து தங்கும். ஓர் அங்குலக் கறுப்பு மண் சேர அந்த மலைக்கு ஒரு மனித ஆயுள் போதாது.